ஸ்டாக் இல்லை

1

திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து காலடிப்பேட்டைக்குள் திரும்பும் தெருக்களில் ஒன்றில் என் சித்தப்பா மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறார். எட்டுக்குப் பத்து அடிக் கடை. நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி ஒன்று வேகமாகப் போனால் அலமாரியில் டானிக் பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போடும். படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த ஒன்றரை வருடம், மாலை ஆறு மணியிலிருந்து ராத்திரி ஷட்டர் இறக்கும்வரை அந்தக் கடையின் கல்லாவில் உட்கார்ந்திருந்தது நான்தான்.

ஒரு நாள் எங்கள் தெருப் பையன் ஒருவன் வந்தான். பத்தொன்பது வயதிருக்கும். கண்டெய்னர் யார்டில் வேலை. சின்ன வயதில் எங்கள் வீட்டு மாடியில் வந்து பட்டம் விட்டவன். கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு ஒரு வலி மாத்திரையின் பெயரைச் சொல்லி, “ரெண்டு அட்டை குடுணா” என்றான். சித்தப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவனைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: “ஸ்டாக் இல்லப்பா.”

அவன் போனதும் நான் கேட்டேன். “இருக்கே சித்தப்பா, மேல் தட்டுல.”

“இருக்கு. முதுகு வலின்னு வர்றவன் முதுகைப் பிடிச்சிக்கினு வருவான். மாத்திரை பேரு வாயில நுழையாது, அந்தச் சின்ன வெள்ளை மாத்திரைம்பான். இவன் பேரு, பவரு எல்லாம் மனப்பாடமா சொல்றான். டாக்டர் சீட்டும் இல்ல.”

ரெண்டு நாள் கழித்து அதே பையன் ஷாம்பு பாக்கெட் வாங்க வந்தான். போனை எடுத்து எங்கள் முன்னால் ஆட்டிக் காட்டிச் சிரித்தான். “உன் கடையில இல்லன்னா இன்னாணா? கொரியர்ல வருது.”

வடசென்னையில் இருப்பவர்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. வெளிமாநிலத்திலிருந்து இணையம் வழியாக வலி மாத்திரை வரவழைத்துப் போதைக்கு விற்றதாக இளைஞர்கள் கைது என்ற செய்தி, நாங்கள் டீக்கடைப் பேப்பரில் அடிக்கடி படிப்பது. டிரமடாலை 2018இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அப்புறம் செய்திகளில் வேறு மாத்திரைகளின் பெயர்கள் வந்தன.

அன்று ராத்திரி ஷட்டரை இறக்கும்போது எனக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா சொன்ன அந்த ‘இல்லை’யால் என்ன ஆயிற்று? பையனுக்கு மாத்திரை கிடைத்துவிட்டது. சித்தப்பாவுக்கு ஒரு வியாபாரம் போயிற்று. நடக்கப்போகிற ஒன்றைத் தடுக்க முடியாத மறுப்புக்கு அறம் என்று பெயரா, இல்லை அது தன் கையை மட்டும் கழுவிக்கொள்ளும் வேலையா?

2

முதலில் வியாபாரக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, விலைப் பட்டியலுக்குள் வரும் மருந்துகளில் சில்லறைக் கடைக்கு 16 சதவீத லாபம். பட்டியலுக்கு வெளியே உள்ளவற்றில் கொஞ்சம் கூடும். அதில்தான் வாடகை, கரண்ட், ஃபிரிட்ஜ், காலாவதியான சரக்கு, கடைப் பையன் சம்பளம் எல்லாம். இணையத்தில் பதினைந்து, இருபது சதவீதம் தள்ளுபடி என்று போட்டிருக்கிறார்கள். அதாவது சித்தப்பாவின் மொத்த லாபத்தையும் அவர்கள் வாடிக்கையாளருக்குத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள்.

அந்தத் தள்ளுபடியை நானும் வாங்கியிருக்கிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை. மாதக் கடைசியில் போனைத் தட்டினால் இருநூறு, முந்நூறு மிச்சம். ஒருநாள் வீட்டுக்கு வந்த சித்தப்பா குப்பைக்கூடையில் அந்தக் காலி அட்டைப்பெட்டியைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

சின்னக் கடைக்காகப் பேசுகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது ஒன்று உண்டு. கடன் கொடுப்பார், ராத்திரி கதவைத் தட்டினால் எழுந்து வருவார், மழை வெள்ளத்தில் உதவுவார் என்று. எல்லாம் உண்மைதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து எங்கள் பக்கம் தண்ணீர் நின்றபோது எந்த டெலிவரியும் வரவில்லை. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, ஜனங்கள் மூச்சு முட்டி வீட்டைவிட்டு ஓடினார்கள். அந்த மாதிரி நேரத்தில் தெருமுனைக் கடையின் விளக்கு எரிகிறதா என்றுதான் கண் தேடும்.

ஆனால் இவை நாம் நன்றி சொல்வதற்கான காரணங்கள், அவ்வளவுதான். சேவையை யாரும் நகல் எடுத்துவிடலாம். நாளைக்கு ஒரு கம்பெனி பத்து நிமிடத்தில் கொண்டு வந்து தரும், கடனும் தரும், வெள்ளத்தில் படகும் விடும். அப்போது சித்தப்பாவின் கடை எதற்கு? விலையையும் சேவையையும் கழித்த பிறகு மிச்சம் ஏதாவது இருந்தால்தான் இந்தக் கேள்விக்குப் பொருள் உண்டு. எனக்குத் தெரிந்து மிச்சமாக இருப்பது, அன்று அந்தப் பையனிடம் சொன்ன ‘இல்லை’ ஒன்றுதான்.

3

இதை யோசிக்கும்போது எனக்கு மருந்துக்கு முன்னால் துப்பாக்கி ஞாபகத்துக்கு வந்தது. காரணம் எங்கள் ஊர்தான். திருவொற்றியூரில் என்ஃபீல்டு தொழிற்சாலை என்றால் யாரும் வழி சொல்வார்கள். 1955இல் மெட்ராஸில் தொடங்கிய கம்பெனி. அந்தப் பெயரும் பீரங்கிச் சின்னமும் பைக்குக்கு உரியவை அல்ல. இங்கிலாந்தில் என்ஃபீல்டு என்ற ஊரில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்து கொடுத்த ஒரு சைக்கிள் கம்பெனி, அந்த ஊரின் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டது. துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது என்பதே அவர்கள் விளம்பரம். எங்கள் தெருவில் புல்லட் என்ற சொல்லைக் கேட்டால் குழந்தைகள்கூட வண்டியைத்தான் நினைக்கும். நிஜத் தோட்டாவை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

பார்க்காததற்குக் காரணம் சட்டம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி வாங்குகிறவருக்கும் உரிமம் வேண்டும், விற்கிறவருக்கும் உரிமம் வேண்டும். இத்தனை தோட்டாதான் என்று வரம்பு உண்டு. வாங்கும்போது கடைக்காரர் அதை உரிமத்தில் பதிவு செய்கிறார். உரிமம் தேவைப்படாத விசை குறைந்த ஏர்கன் இணையத்தில் கிடைக்கும். நிஜத் துப்பாக்கியைக் கூடையில் போட்டு வீட்டு வாசலுக்கு வரவழைக்க முடியாது. இந்தியாவில் துப்பாக்கிக் கடைக்காரர் இணையத்துக்குப் பயப்படாமல் இருக்கக் காரணம் அவருடைய திறமை அல்ல. முகத்தைப் பார்க்காமல் இந்தப் பொருள் கை மாறக்கூடாது என்று சட்டம் நினைக்கிறது.

அமெரிக்காவில் அப்படி நினைக்க ஒரு கொலை தேவைப்பட்டது. 1963 மார்ச்சில் லீ ஹார்வி ஆஸ்வால்ட், பத்திரிகை விளம்பரத்திலிருந்த கூப்பனை நிரப்பி, சிகாகோவில் ஒரு கடைக்குப் பணம் அனுப்பினான். ஏ. ஹைடல் என்று பொய்ப் பெயர். டல்லாஸில் தபால் பெட்டி எண். தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கியின் விலை 19 டாலர் 95 சென்ட், தபால் செலவு தனி. விற்றவர் வாங்கியவனின் முகத்தைப் பார்க்கவே இல்லை. நவம்பர் 22ஆம் தேதி அந்தத் துப்பாக்கியால் கென்னடி சுடப்பட்டார். அப்புறம் ஐந்து வருடம் வாதாடி, மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் செத்த பிறகு, 1968இல் சட்டம் வந்தது. இன்னொரு மாநிலத்துக் கடையிலிருந்து தனி ஆளின் வீட்டுக்கு நேராகத் துப்பாக்கி அனுப்பக்கூடாது.

இன்று அங்கே இணையத்தில் துப்பாக்கி வாங்கலாம். ஆனால் கடையிலிருந்து வருகிற பெட்டி வாங்கியவர் வீட்டுக்குப் போகாது. அவர் ஊரில் உரிமம் வைத்திருக்கும் ஒரு சின்னக் கடைக்குப் போகும். வாங்குகிறவர் அங்கே நேரில் போய், படிவம் நிரப்பி, குற்றப் பின்னணிச் சோதனை முடிந்த பிறகுதான் எடுத்துப் போக முடியும். கடைக்காரருக்கு அதற்கு ஒரு கட்டணம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தன் வியாபாரத்தைப் பறித்தவனின் சரக்கையே தன் கவுண்டரில் வைத்துக் கொடுத்துப் பிழைக்கிறார் அவர். தனி ஆள்கள் தங்களுக்குள் விற்றுக்கொள்வதில் ஏகப்பட்ட ஓட்டைகள் உண்டு, அந்த நாட்டில் துப்பாக்கிச் சாவுகள் குறைந்துவிடவும் இல்லை. ஆனாலும் ஒரு விஷயத்தைச் சட்டம் ஒப்புக்கொண்டது. பொருளை அனுப்புவது ஒரு வேலை, ஒப்படைப்பது வேறு வேலை.

நியூ ஹாம்ப்ஷயரில் 2009இல் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரே கடையில், ஒரு வாரத்துக்குள், ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர் துப்பாக்கி வாங்கினார்கள். மூவரும் சில மணி நேரத்தில் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். மூன்று விற்பனையிலும் சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. அந்தக் கடைக்காரர் அதோடு விட்டுவிடவில்லை. பொது சுகாதார ஆட்களோடு உட்கார்ந்து பேசினார். மனம் உடைந்து வருகிறவரைக் கவுண்டரில் எப்படி அடையாளம் காண்பது, எப்படி விற்காமல் இருப்பது என்று மற்ற கடைகளுக்குக் குறிப்புகள் தயாரித்தார்கள். துப்பாக்கி விற்பவர்கள் எப்போது விற்கக்கூடாது என்று கற்றுக்கொண்டார்கள். நம் ஊர்களில் எலி மருந்து கேட்டுத் தனியாக வந்து நிற்கும் பெண்ணிடம் “வீட்டுல பெரியவங்கள வரச்சொல்லும்மா” என்று சொல்லும் மளிகைக்கடைக்காரருக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை.

4

புத்தர் இல்லறத்தார் செய்யக்கூடாத வியாபாரங்கள் என்று ஐந்தைச் சொன்னதாக அங்குத்தர நிகாயத்தில் வருகிறது. ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு. முதலாவது ஆயுதம், கடைசி நஞ்சு. அந்த இரண்டு முனைகளுக்கு நடுவே எங்கோ நிற்கிறது மருந்துக்கடை. அது விற்பதில் பாதி, அளவு மாறினால் நஞ்சு. அதனால்தான் சித்தப்பாவின் கடைச் சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் உரிமங்கள் சட்டம் போட்டு மாட்டியிருக்கின்றன.

குறளில் வணிகரைப் பற்றிய குறள் நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசியில் இருக்கிறது. பிறர் பொருளையும் தம் பொருள்போல நினைத்துச் செய்வதே வாணிகம் என்பது அதன் கருத்து. எடை குறையாமல், விலை கூடாமல் கொடு. நல்லது. ஆனால் கொடுக்கலாமா என்ற கேள்வி அங்கே எழவில்லை. நெல்லும் உப்பும் விற்பவருக்கு அந்தக் கேள்வி வராது. மருந்தும் துப்பாக்கியும் விற்பவருக்குத்தான் வரும்.

1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டமும் அதன் விதிகளும் இந்தக் கேள்வியைக் கடைக்காரர் கையில் கொடுத்திருக்கின்றன. பதிவு பெற்ற மருந்தாளுநர் இருக்க வேண்டும். ஹெச் பட்டியல் மருந்தை மருத்துவர் சீட்டில்லாமல் தரக்கூடாது. 2014 மார்ச்சிலிருந்து ஹெச்1 என்று ஒரு பட்டியல். அதிலுள்ள மருந்தை விற்றால் எழுதிக்கொடுத்த மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு எல்லாவற்றையும் தனி ரிஜிஸ்டரில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அந்த நீளமான ரிஜிஸ்டரில் ராத்திரி உட்கார்ந்து கோடு போட்டது என் வேலை.

இணையம் வந்தபோது இந்தச் சட்டத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. 2018 ஆகஸ்டில் மத்திய அரசு இணைய மருந்து விற்பனைக்கு வரைவு விதிகள் வெளியிட்டது. செப்டம்பர் 28ஆம் தேதி நாடு முழுவதும் மருந்துக்கடைகள் அடைத்தன. தமிழ்நாடு மருந்து வணிகர்கள் சங்கம் போட்ட வழக்கில் டிசம்பர் 17ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, விதிகள் அறிவிக்கப்படும்வரை இணையத்தில் மருந்து விற்கக்கூடாது என்றார். அடுத்த மாதமே இரண்டு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்திவைத்தது. வரைவு வருடக்கணக்கில் வரைவாகவே கிடந்தது. இடையில் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில், உரிமம் பெற்ற கடைகள் போதை வகை மருந்துகள் நீங்கலாக மற்றவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று அரசு அனுமதித்தது. அந்தச் சமயத்தில் அது உயிர் காத்த முடிவு.

அந்தப் பையனுக்கு மாத்திரை அனுப்பியது பெரிய கம்பெனி என்று நான் சொல்லவில்லை. பெரிய தளங்கள் சீட்டு கேட்கின்றன. சீட்டு இல்லை என்றால் போனில் ஒரு மருத்துவரையும் பேச வைக்கின்றன. அவன் வாங்கியது யாரோ ஒருவரிடமிருந்து, இன்னொருவர் வழியாக. ஆனால் அந்தச் சங்கிலியைக் கவனித்துப் பாருங்கள். விளம்பரம் போட இடம் கொடுத்தவருக்கு மாத்திரை கண்ணில் படவில்லை. விற்றவருக்குப் பையன் கண்ணில் படவில்லை. பார்சலைக் கொண்டுவந்த டெலிவரித் தம்பிக்குப் பையன் தெரிந்தான், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஒவ்வொருவரும் உண்மையாகவே “எனக்குத் தெரியாது” என்று சொல்லலாம். பொருளும் ஆளும் ஒரே கண்ணில் படுகிற இடம் சங்கிலியில் எங்குமே இல்லை. சித்தப்பாவின் கவுண்டர் அந்த மாதிரி ஓர் இடம்.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

5

அடுத்த மாதம் என் தோழி ஒருத்தி கடைக்கு வந்தாள். நான் அன்று கொஞ்சம் தாமதம். அவள் கேட்டது அவசரகாலக் கருத்தடை மாத்திரை. அதற்கு மருத்துவர் சீட்டு தேவையில்லை. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. தமிழ்நாட்டில் அதைக் கடையில் வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். சித்தப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளைப் பார்த்திருக்கிறார்.

“ஸ்டாக் இல்லம்மா.”

அதே சொல், அதே குரல். அவள் இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கிவிட்டு, போனில் ஆர்டர் போட்டாள். மறுநாள் வந்தது. யாரும் அவளை ஏற இறங்கப் பார்க்கவில்லை, கழுத்தில் தாலியைத் தேடவில்லை. “அந்த டப்பாவைப் பிரிக்கும்போது எப்படி இருந்துச்சு தெரியுமா? மனுஷங்க இல்லாத இடத்துல ஒரு நிம்மதி” என்றாள்.

நான் அன்று ராத்திரி சித்தப்பாவோடு சண்டை போட்டேன். அவர் முதலில் உடம்புக்குக் கெடுதல் என்றார். கெடுதல் என்றால் அதை அவளிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். அப்புறம், சின்னப் பொண்ணு என்றார். இருபத்து நான்கு வயது என்றேன். கடைசியில் ஷட்டர் கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: “நம்ம ஏரியால அதை வெச்சா பேச்சு வரும். எனக்குப் பயம். அவ்ளோதான்.”

மூன்று காரணத்தில் அது ஒன்றுதான் உண்மை.

ஆக, நான் இவ்வளவு நேரம் புகழ்ந்த அந்தக் கண்ணுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. தெரு முழுவதும் யார் வீட்டில் மனநல மாத்திரை போகிறது, யாருக்கு என்ன வியாதி என்று தெரிந்த கண் அது. சிலருக்கு இணையம் தருவது தள்ளுபடி மட்டுமல்ல, அந்தக் கண்ணிலிருந்து விடுதலை. அதைச் சின்ன விஷயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லாச் சின்னக் கடையும் யோக்கியம் என்றும் நான் சொல்லவில்லை. ஆன்டிபயாடிக்கை ரெண்டு ரெண்டாகக் கிழித்துக் கொடுப்பதும், தெரிந்தே போதை மாத்திரை விற்பதும் கடைகளில் நடக்கிறது.

முகத்தைப் பற்றி அதிகம் யோசித்தவர் பிரெஞ்சுத் தத்துவவாதி லெவினாஸ். நான் புரிந்துகொண்ட அளவில், எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்து நான் அவரை எடைபோடுவது அல்ல அவர் சொல்ல வந்தது. அந்த முகம் என்னிடம் ஒன்றைக் கேட்கிறது, நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவனாகிறேன் என்பதுதான். பையனிடம் சித்தப்பா பார்த்தது அவனுக்கு என்ன ஆகும் என்பதை. தோழியிடம் பார்த்தது தனக்கு என்ன ஆகும் என்பதை. கண் ஒன்றுதான், பார்த்த திசை வேறு.

6

ஆனால் இரண்டு பேரிடமும் அவர் சொன்னது ஒரே பொய். அது என்னை வெகு நாள் தொந்தரவு செய்தது.

தமிழில் ‘இல்லை’ ஒரு விசித்திரமான சொல். நான் இல்லை, நீ இல்லை, அவர் இல்லை, மாத்திரை இல்லை. எந்த இடத்துக்கும் எந்தப் பாலுக்கும் அது மாறுவதில்லை. அதற்குள் ஆள் கிடையாது. ‘தரமாட்டேன்’ அப்படி இல்லை. அதன் கடைசியில் ஒரு ‘ஏன்’ ஒட்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் தன்மை ஒருமை விகுதி என்று படித்தோம். அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டுமென்றால் ‘நான்’ அதற்குள் நின்றாக வேண்டும். நின்றால், எதிரே இருப்பவர் கேட்பார்: ஏன் தரமாட்டே? சொல்லிப் பார்த்தால், அதே ‘ஏன்’ இப்போது கேள்வி.

ஆப்பும் மறுக்கிறது. சரக்கு கையிருப்பில் இல்லை, உங்கள் பகுதிக்குச் சேவை இல்லை, சீட்டு ஏற்கப்படவில்லை. அவற்றிடம் போய் ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. சித்தப்பா “ஸ்டாக் இல்ல” என்று சொல்லும்போது அவரும் ஓர் ஆப்பைப் போலத்தான் பேசுகிறார். கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டே ஆள் இல்லாமல் போகிறார். அந்த விளையாட்டில் அவர் தோற்பது நியாயம்தான், ஆப் அதை இன்னும் மலிவாகச் செய்யும்.

‘தரமாட்டேன்’ என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பையனிடம் காரணம் சொல்ல முடியும்: டேய், நீ போற வழி எனக்குத் தெரியும். தோழியிடம் சொல்லிப் பார்த்திருந்தால், அந்தக் காரணம் வாயிலிருந்து வெளியே வந்திருக்காது. ஒருவர் முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாத காரணத்துக்காக அவருக்கு ஒன்றை மறுக்க நமக்கு உரிமையில்லை. எது அக்கறையான மறுப்பு, எது அதிகாரமான மறுப்பு என்று பிரிக்க எனக்குக் கிடைத்த அளவுகோல் இது ஒன்றுதான்.

இதைச் சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். “தரமாட்டேன்னு ஒருத்தன்கிட்ட சொல்லிப் பாரு. ராத்திரி கண்ணாடி உடையும். இல்லன்னு சொன்னா பொழச்சேன்.” அதற்கு என்னிடம் பதில் இல்லை. அமெரிக்காவில் ஒப்படைக்கிறவருக்குக் கட்டணம் உண்டு. இங்கே விற்காமல் இருக்கிறவருக்கு யார் என்ன தருகிறார்கள்? மறுப்பதால் அவருக்கு லாபம் போகிறது, பகை வருகிறது, அந்த ஆள் வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறான். எந்த பில்லிலும் ‘மறுத்ததற்கு’ என்று ஒரு வரி கிடையாது. நாம் தள்ளுபடி வாங்கும்போது அந்த வரியையும் சேர்த்துத்தான் தள்ளுகிறோம். அம்மாவின் மாத்திரையில் நான் மிச்சம் பிடித்த இருநூறு ரூபாய் அந்தக் கணக்கிலிருந்து எடுத்தது.

7

நான்கைந்து மாதம் கழித்து அந்தப் பையன் மறுபடி வந்தான். கடை மூடுகிற நேரம். வெயில் காலத்தில் முழுக்கைச் சட்டை. காயத்துக்குப் போடும் களிம்பு கேட்டான். சித்தப்பா, “கையக் காட்டு” என்றார். அவன் காட்டவில்லை. “காட்டுடா” என்றார். முழங்கைக்கு உள்பக்கம் ஊசி குத்திய இடம் சீழ் வைத்து வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது. அனல் அடித்தது.

அவன் அவரைப் பார்த்துச் சொன்னான்: “வீட்ல சொல்லாதணா. களிம்பு மட்டும் குடு.”

சித்தப்பா களிம்பு டப்பாக்கள் இருக்கும் தட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். “களிம்பு இருக்கு. தரமாட்டேன். இது களிம்புல போறது இல்ல.” என்னை ஷட்டர் இறக்கச் சொல்லிவிட்டு, தன் பழைய ஸ்கூட்டரின் பின்னால் அவனை ஏற்றிக்கொண்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வரும்போது மணி இரண்டு.

அவன் திருந்தினானா என்று கேட்பீர்கள். கை குணமாயிற்று. கொஞ்ச நாள் வேலைக்குப் போனான், அப்புறம் நின்றான், இப்போது வேறு யார்டில் இருக்கிறான் என்கிறார்கள். எனக்குக் கிடைத்த பதில் வேறு. முதல் நாள் ராத்திரி நான் கேட்டுக்கொண்ட கேள்வி, தடுக்க முடியாத மறுப்பால் என்ன பயன் என்பது. மறுப்பு அவனைத் தடுக்கவில்லை. ஆனால் கை வீங்கியபோது அவன் மாத்திரை கொடுத்தவர்களிடம் போகவில்லை. போக அங்கே யாரும் இல்லை. கொடுக்காதவரிடம் வந்தான். அன்று தன் முகத்தை ஒருவர் பார்த்தார் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது, பொய் சொன்னார் என்பதும் தெரிந்திருக்கும்.

சித்தப்பா என் தோழி கேட்ட அந்த மாத்திரையை இப்போது வாங்கி வைக்கிறார். கீழ் டிராயரில், இருமல் மருந்துக்குப் பின்னால். இன்னமும் பேப்பரில் சுற்றித்தான் கொடுக்கிறார். கொடுக்கும்போது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவதில்லை.

நான் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறேன். அம்மாவின் மாத்திரையை முக்கால்வாசி மாதம் சித்தப்பா கடையில் வாங்கச் சொல்கிறேன். கை இறுகுகிற மாதம் போனில் தட்டிவிடுகிறேன். அந்த மாதம் ஊருக்குப் போனால் காலி அட்டைப்பெட்டியை மடித்து என் பையில் வைத்து, கடை இருக்கும் தெருவைத் தாண்டிய பிறகுதான் குப்பையில் போடுகிறேன்.